பேசத் தெரியும், படிக்கத் தெரியாது

நான் எழுத்தாளன் அல்லன். மத்திய ரயில்வேயில் முப்பத்தொன்பது ஆண்டுகள் மின்கம்பிகளோடு மாரடித்துவிட்டு 2018இல் ஓய்வு பெற்றவன். நமது சங்கத்தின் பொங்கல் விழாவில் நடந்த ஒரு சிறு சம்பவம் என்னை எழுத வைத்துவிட்டது.

சிறுவர்களுக்கான திருக்குறள் ஒப்புவித்தல் போட்டி நடந்துகொண்டிருந்தது. பத்து வயதுச் சிறுமி ஒருத்தி பாவாடை சட்டையில் மேடையேறி, இருபது குறள்களைத் தடங்கலில்லாமல் சொன்னாள். அரங்கம் கைதட்டியது. பரிசு வாங்கிக்கொண்டு இறங்கும்போது அவள் கையிலிருந்த தாள் நழுவி என் காலடியில் விழுந்தது. எடுத்துப் பார்த்தேன். இருபது குறளும் ஆங்கில எழுத்தில் எழுதப்பட்டிருந்தன. 'ழ' வரும் இடத்தில் இசட், எச். 'ல'வுக்கும் 'ள'வுக்கும் ஒரே எல்.

அந்தக் கையெழுத்து எனக்குத் தெரிந்த கையெழுத்து. அது என் மகளுடையது. பரிசு வாங்கிய சிறுமி என் பேத்தி.

மகளைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவளுக்குத் தமிழ் எழுத்து தெரியாது. சொல்லிக் கொடுக்காதவன் நான்.

தாராவியில் தொடங்கிய கதை

என் தந்தையார் திருநெல்வேலிச் சீமையிலிருந்து பிழைப்புத் தேடி பம்பாய் வந்தவர். 1915இல் தொடங்கப்பட்ட மாட்டுங்கா ரயில்வே பட்டறையில் கலாசி வேலை. குடியிருப்பு தாராவியில் ஒரு கோலி. பத்துக்குப் பன்னிரண்டு அடி அறையில் ஏழு பேர். எங்கள் சந்தில் காலையில் காதில் விழும் முதல் சத்தம் குழாயடிச் சண்டை. அதுவும் சுத்தமான திருநெல்வேலித் தமிழில் நடக்கும்.

எனக்கு எழுத்து சொல்லிக் கொடுத்தது அம்மா. ஊரில் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவள். முறத்தில் அரிசியைப் பரப்பி, என் விரலைப் பிடித்து எழுத வைப்பாள். எழுதி முடித்ததும் அதே அரிசி உலைக்குப் போகும். பிறகு மாநகராட்சித் தமிழ்ப் பள்ளி. காலை ஒரு ஷிப்ட், மதியம் ஒரு ஷிப்ட். ஒரு பெஞ்சில் ஐந்து பேர். அந்தக் கூட்டத்திலும் எங்களுக்கு வாசிக்க வராமல் போகவில்லை.

படிக்கப் புத்தகமும் கிடைத்தது. ஜி.ஐ.பி. ரயில்வேயின் தண்டவாளமும் மெட்ராஸ் ரயில்வேயின் தண்டவாளமும் 1871இல் ராய்ச்சூரில் சந்தித்த நாளிலிருந்து, சென்னையில் ஏற்றியதை பம்பாயில் இறக்கலாம். விகடன், கல்கி, குமுதம், சிறுவர்களுக்கு அம்புலிமாமா எல்லாம் அந்தத் தண்டவாளத்தில்தான் எங்களைத் தேடி வந்தன. ஒருவர் வாங்கினால் எட்டு வீட்டுக்குப் போகும். கடைசியாக எங்கள் வீட்டுக்கு வரும்போது அட்டை இருக்காது, தொடர்கதையின் கடைசிப் பக்கமும் சில சமயம் இருக்காது. முடிவை அம்மாவே இட்டுக்கட்டிச் சொல்வாள்.

அறுபதுகளின் கடைசியில் தென்னிந்தியர்களுக்கு எதிராகக் கிளர்ச்சி நடந்தபோது எனக்குப் பத்து வயது. லோக்கல் ரயிலில் தமிழில் சத்தமாகப் பேசாதே என்று அப்பா சொல்லுவார். அந்தக் காலம் போய்விட்டது. அன்றைய பக்கத்து வீட்டு மராத்திக்காரப் பையன் இன்றும் என் நண்பன்; அவனிடம் கற்ற மராத்திதான் எனக்கு வேலையில் சோறு போட்டது. ஆனாலும் வெளியில் குரலைத் தாழ்த்திப் பேச வேண்டிய மொழி என்ற எண்ணம் அந்த வயதில் மனதில் எங்கோ ஒட்டிக்கொண்டது என்பதை மறுப்பதற்கில்லை.

முக்கோணமும் டிரையாங்கிளும்

ஏழாம் வகுப்போடு எங்கள் தமிழ்ப் பள்ளி முடிந்தது. எட்டாம் வகுப்புக்கு 1971இல் ஓர் ஆங்கிலவழிப் பள்ளியில் சேர்ந்தேன். முதல் வாரம். கணக்கு ஆசிரியர் கரும்பலகையில் ஒரு முக்கோணம் வரைந்து, இது என்ன என்று என்னைக் கேட்டார். அதன் மூன்று கோணங்களின் கூட்டுத்தொகை 180 பாகை என்பது வரை எனக்குத் தெரியும். 'டிரையாங்கிள்' என்ற சொல்தான் தெரியாது. வாயைத் திறக்காமல் நின்றேன். வகுப்பு சிரித்தது. ஓராண்டு கடைசி பெஞ்சில் உட்கார்ந்தேன்.

தட்டுத் தடுமாறி மேலே வந்து, மின்பொறியியலில் டிப்ளமா முடித்து, 1979இல் ரயில்வேயில் சேர்ந்தேன். அந்தச் சிரிப்பை மட்டும் மறக்க முடியவில்லை. 'என் பிள்ளைகளுக்கு இது நடக்கக் கூடாது' என்று அன்றே தீர்மானித்துவிட்டேன்.

திருமணம் 1984இல். என் மனைவி தாராவியில் மாநகராட்சித் தமிழ்ப் பள்ளி ஆசிரியை. மகளைப் பள்ளியில் சேர்க்கும் காலம் வந்தபோது எங்கள் வீட்டில் ஒரு வாரம் பேச்சுவார்த்தை நடந்தது.

"நாலாம் வகுப்பு வரைக்குமாவது தமிழ்ல படிக்கட்டுமேங்க. என் வகுப்பிலேயே வச்சுக்கிறேன்" என்றாள்.

"நான் பட்டது போதும்" என்றேன்.

"அப்ப வீட்டிலயாவது நீங்க சொல்லிக் கொடுப்பீங்களா? நான் நாற்பது பிள்ளைங்ககிட்ட கத்திட்டு வந்து மறுபடியும் கத்த முடியாது."

"சொல்லிக் கொடுக்கிறேன்" என்று ஒப்புக்கொண்டேன். அந்த வாக்கைத்தான் நான் காப்பாற்றவில்லை. இரவு வேலை, அவசர அழைப்பு, மழைக்காலத்தில் அறுந்து விழும் கம்பி என்று காரணங்களுக்குக் குறைவில்லை. ஒரு மகளும் ஒரு மகனும் ஆங்கிலப் பள்ளிக்குப் போனார்கள். வீட்டில் தமிழில்தான் பேசினோம். அது போதும் என்று நினைத்துக்கொண்டேன்.

என் மனைவியின் வகுப்பறை அதற்குள் மெதுவாகக் காலியாகிக்கொண்டிருந்தது. நாற்பது பேர் முப்பதானார்கள், முப்பது இருபதானது. ஒரு நாள் ஒரு தாய், தன் பையனின் சான்றிதழை வாங்க வந்தவள், "டீச்சர், உங்க பிள்ளைங்க எங்க படிக்கிறாங்க?" என்று சாதாரணமாகத்தான் கேட்டாளாம். அன்று இரவு என் மனைவி சாப்பிடவில்லை.

அந்தத் தாயின் மேலும் தவறில்லை. எட்டாம் வகுப்பில் தன் பையன் என்ன ஆவான் என்பதுதான் அவள் பயம். எனக்கும் அதே பயம்தான். நமது அரசியல் சட்டத்தில் 1956இல் சேர்க்கப்பட்ட 350ஏ பிரிவு, மொழிச் சிறுபான்மைக் குழந்தைகளுக்குத் தொடக்கக் கல்வியைத் தாய்மொழியில் தர மாநிலங்கள் வசதி செய்ய வேண்டும் என்கிறது. இந்த ஊர் மாநகராட்சியும் மராத்தி, இந்தி, உருது, குஜராத்தி, ஆங்கிலம், தமிழ், தெலுங்கு, கன்னடம் என எட்டு மொழிகளில் பள்ளி நடத்தி வந்திருக்கிறது. அது சாதாரண காரியமில்லை. ஆனால் சட்டம் கதவைத் திறந்து வைக்கலாம். அந்தக் கதவுக்குப் பின்னால் கல்லூரி வரை பாதை தெரிந்தால்தான் பெற்றோர் உள்ளே வருவார்கள்.

நம் முன்னோர் இதை அறிந்தவர்கள். தென்னிந்தியக் குழந்தைகள் படிப்பதற்கென்று 1932இல் மாட்டுங்காவில் தென்னிந்தியக் கல்விச் சங்கத்தைத் தொடங்கினார்கள். கல்விக்கு ஒரு பக்கம் கட்டடம் எழுப்பினார்கள் என்றால், பண்பாட்டுக்குக் கோயிலும் சபாவும் எழுப்பினார்கள். மாட்டுங்காவில் ஆஸ்திக சமாஜம், செம்பூர் சேடா நகரில் முருகன் கோயில், 1952இல் தொடங்கிய ஷண்முகானந்தா சபா என்று எத்தனையோ. 1990இல் ஷண்முகானந்தா அரங்கம் தீக்கிரையானபோதும் மறுபடி கட்டி எழுப்பிவிட்டோம். எழுத்து சொல்லிக் கொடுப்பதை மட்டும் ஒவ்வொரு வீட்டின் பொறுப்பில் விட்டோம். என் வீட்டைப் போலவே பல வீடுகளில் அது தள்ளிப் போடப்பட்டது.

டிரங்குப் பெட்டியிலிருந்த கடிதங்கள்

அப்பா 1991இல் காலமானதும் அம்மா ஊருக்கே திரும்பிப் போனாள். அதிலிருந்து 2004இல் கண்ணை மூடும் வரை மாதம் ஒரு இன்லண்டு கடிதம். மடிக்கும் ஓரம் வரை எழுதியிருப்பாள். கிணற்றில் தண்ணீர் எவ்வளவு, யார் வீட்டில் விசேஷம், எந்த மாடு கன்று போட்டது என்று எல்லாம் இருக்கும். நான் சத்தமாகப் படிப்பேன், பிள்ளைகள் கேட்பார்கள். படித்ததைப் பெட்டியில் போட்டு வைப்பேன்.

ஓய்வுக்குப் பிறகு செம்பூர் வீட்டில் அந்தப் பெட்டியைத் திறந்தேன். நூற்றுக்கும் மேற்பட்ட கடிதங்கள். மகளும் வந்திருந்தாள். ஒன்றை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ஆச்சியின் குரல் அவளுக்கு நினைவிருக்கிறது. ஆச்சி சொன்ன கதைகள் நினைவிருக்கின்றன. அந்தத் தாளில் இருப்பது மட்டும் அவளுக்கு வெறும் கோடுகள். "எதாவது படிச்சுக் காட்டுங்கப்பா" என்று என்னிடமே நீட்டினாள். முப்பது வயது கடந்த, இரண்டு பட்டம் பெற்ற பெண். எனக்கு நெஞ்சில் ஏதோ செய்தது.

2011 கணக்கெடுப்பில் மராட்டிய மாநிலத்தில் தமிழைத் தாய்மொழியாகச் சொன்னவர்கள் சுமார் 5 லட்சம் பேர். அதில் என் மகளும் ஒருத்தி. நாமெல்லாம் அந்த எண்ணிக்கையைப் பார்த்துப் பெருமைப்படுகிறோம். இவர்களில் எத்தனை பேர் வீட்டில் இப்படி ஒரு பெட்டி பேசாமல் இருக்கிறதோ?

ஞாயிற்றுக்கிழமை வகுப்பு

பொங்கல் விழாவில் பேத்தியின் தாளைப் பார்த்தபின் இனியும் தள்ளிப்போட மனம் வரவில்லை. எங்கள் குடியிருப்புச் சங்க அறையைக் கேட்டு வாங்கினேன். ஞாயிறு காலை பத்து முதல் பதினொன்றரை வரை. ஓய்வு பெற்ற என் மனைவிதான் ஆசிரியை. நான் கரும்பலகை துடைக்கும் உதவியாளன். பதினொரு குழந்தைகள் சேர்ந்தார்கள். கடைசி வரிசையில் நான்கு தாய்மார்கள். அவர்களில் ஒருத்தி என் மகள். நாங்கள் கண்டறிந்த சில விஷயங்கள் மற்ற பெற்றோருக்கும் பயன்படலாம்.

முதலாவது, 247 எழுத்து என்று சொல்லிக் குழந்தையைப் பயமுறுத்த வேண்டாம். உயிர் 12, மெய் 18, ஆய்தம் 1. மீதி 216 உயிர்மெய்யும் கால், கொம்பு, சுழி என்று அடையாளங்களைச் சேர்ப்பதுதான். 'அ'வில் தொடங்காமல், கோடு போட எளிதான ட, ப, ம மூன்றில் தொடங்கினோம். முதல் நாளே 'படம்', 'மடம்', 'பட்டம்' என்று வாசித்துவிட்டார்கள். துணைக்கால் சொல்லிக் கொடுத்த வாரம் ஒரு பையன் 'டாடா' என்று எழுதிவிட்டு, லாரியில் பார்த்த பெயர் என்று குதித்தான்.

இரண்டாவது, மராத்தியையும் இந்தியையும் எதிரியாக நினைக்க வேண்டாம். இந்த மாநிலப் பள்ளிகளில் மராத்தி கட்டாயம் என்று 2020இல் சட்டம் வந்தது. இருக்கும் மண்ணின் மொழியைக் கற்பது நம் கடமை. அது தமிழுக்கும் உதவுகிறது. இந்தியில் வழங்காத 'ள' மராத்தியில் உண்டு. ஆகவே நம் பிள்ளைகளுக்கு அது தகராறு செய்வதில்லை. குழப்பம் வருவது வேறிடத்தில். நாகரி எழுத்தில் ககர வரிசைக்கு நான்கு எழுத்து, தமிழில் ஒன்று. "எதைப் படிக்கிறது பாட்டி?" என்று கேட்கிறார்கள். கடல், தங்கம், மகன் என்று மூன்று சொல்லை எழுதி, வாய்விட்டுச் சொல்லச் சொன்னாள் என் மனைவி. மூன்றையும் சரியாகச் சொன்னார்கள். வீட்டில் தமிழ் கேட்டு வளர்ந்த குழந்தைக்கு அந்த விதி காதிலேயே இருக்கிறது. தமிழ் அறியாதவர் மாதக்கணக்கில் கற்க வேண்டியது இது. வீட்டில் நாம் பேசிய தமிழ் வீண் போகவில்லை என்று அன்றுதான் எனக்கு ஆறுதல் வந்தது.

மூன்றாவதுதான் முக்கியம். பாடப்புத்தகத் தமிழ் குழந்தைகளுக்கு அந்நியமாக இருக்கிறது. 'வந்துவிட்டான்' என்று படித்தால், "இப்படி யார் பேசுவாங்க தாத்தா?" என்கிறாள் பேத்தி. அப்போதுதான் பெட்டியிலிருந்த கடிதங்களின் நினைவு வந்தது. அம்மா பேசுவது போலவே எழுதுவாள். 'கன்னுக்குட்டி எந்திரிச்சு நின்னுட்டு' என்று இருக்கும். ஒரு கடிதத்தைப் பெரிதாக நகலெடுத்து வகுப்பில் கொடுத்தோம். கன்றுக்குட்டி பிழைத்ததா இல்லையா என்று தெரிந்துகொள்ளவே பிள்ளைகள் கடைசி வரி வரை எழுத்துக்கூட்டிப் போனார்கள்.

நடுவில் பேத்தி நின்றுவிட்டாள். "பூட்டி ஆச்சி இங்க ஏன் யானை வரைஞ்சிருக்காங்க?" பார்த்தால், பழைய 'லை'. எழுத்துக்கு முன்னால் தும்பிக்கை போலச் சுழித்துப் போடுவது. தமிழ்நாட்டில் 1978இல் வந்த எழுத்துச் சீர்திருத்தத்தில் ணை, லை, ளை, னை, ணா, றா, னா முதலியவை இன்றைய வடிவத்துக்கு மாறின. அம்மா தன் காலம் முடியும் வரை தும்பிக்கையோடுதான் எழுதினாள். நானும் அப்படித்தான் கற்றவன். அடுத்த வாரம் பதினொரு குழந்தைகளும் நோட்டில் யானைத் தும்பிக்கை போட்டு வந்தார்கள். பரீட்சையில் அப்படி எழுதாதீர்கள் என்று தனியாகச் சொல்ல வேண்டியதாயிற்று.

நான் விட்டுப் படித்த வரி

மகள் எட்டு மாதத்தில் வாசிக்கத் தொடங்கிவிட்டாள். ஒரு ஞாயிறு மதியம், பெட்டியிலிருந்து தானே ஒரு கடிதம் எடுத்தாள். 1995இல் வந்தது, அவள் பெயருக்கே ஆச்சி எழுதியது. நான் செய்தித்தாளில் முகத்தை மறைத்துக்கொண்டேன். எனக்கு அந்தக் கடிதம் நினைவிருந்தது.

விரலை வைத்து எழுத்துக்கூட்டி அரை மணி நேரம் படித்தாள். ஓரிடத்தில் நிறுத்தி, திரும்பவும் படித்தாள்.

'உங்கப்பன் படிச்சுக் காட்டுதான்னு எழுதியிருந்தான். நீயே படிக்கது எப்போ? அவனுக்கு நான் அரிசியில விரலப் பிடிச்சுச் சொல்லிக் கொடுத்தேன். உனக்கு அவன் சொல்லிக் கொடுக்கணும். ஆச்சி சொன்னதாச் சொல்லு.'

"அப்பா, இதை அன்னைக்கு நீங்க படிச்சுக் காட்டலையே?"

"இல்லம்மா" என்றேன்.

அன்று இரவு வேலை முடிந்து வந்திருந்தேன். அந்த வரி வந்ததும் வாய் தானாக அடுத்த வரிக்குத் தாவிவிட்டது. ஒன்பது வயதுக் குழந்தைக்கு எப்படித் தெரியும்? முப்பது ஆண்டுக்காலம் அந்தச் செய்தி சேர வேண்டியவரிடம் சேராமல் பெட்டியில் கிடந்தது. மகள் வேறொன்றும் சொல்லவில்லை. கடிதத்தை மடித்து வைத்துவிட்டு அடுத்ததை எடுத்தாள்.

அன்பர்களே, படிக்கத் தெரியாதவர்கள் நாம் படித்துக் காட்டுவதை மட்டுமே அறிவார்கள். நாம் விட்டதை அறிய வழியில்லை. குடும்பக் கடிதத்துக்கும் இது பொருந்தும், குறளுக்கும் பொருந்தும்.

கம்பி மாற்றிய கதை

ரயில்வேக்காரன் ரயிலைச் சொல்லாமல் முடிக்கக் கூடாது. 1925 பிப்ரவரி 3ஆம் தேதி விக்டோரியா டெர்மினஸிலிருந்து குர்லாவுக்கு இந்தியாவின் முதல் மின்ரயில் ஓடியது. 1500 வோல்ட் டி.சி. மின்சாரம். அதை 25,000 வோல்ட் ஏ.சி.யாக மாற்றும் வேலை பல ஆண்டுகள் நடந்து, துறைமுகப் பாதையில் 2016இல் முடிந்தது. என் பணிக்காலத்தின் கடைசிப் பகுதி அதிலேயே போயிற்று. அதுவரை இரண்டு மின்சாரத்திலும் ஓடக்கூடிய வண்டிகள் வந்தன. ஒன்று முடிந்து மற்றது தொடங்கும் இடத்தில் சிறிது தூரம் கம்பியில் மின்சாரம் இராது. வந்த வேகத்திலேயே வண்டி அதைக் கடந்துவிடும்.

நம் பிள்ளைகள் அந்த வண்டிகளைப் போன்றவர்கள். ஆங்கிலத்திலும் ஓடுவார்கள், தமிழிலும் ஓடுவார்கள். இரண்டில் ஒன்றுதான் முடியும் என்று நான் நினைத்தது என் எட்டாம் வகுப்புப் பயம். பிள்ளைகளை ஆங்கிலப் பள்ளிக்கு அனுப்பியதற்காக நான் வருந்தவில்லை. வீட்டில் கம்பி இழுக்காமல் விட்டதற்கே வருந்துகிறேன். இத்தனை ஆண்டு வேலையையும் பகலில் லட்சக்கணக்கான மக்களின் பயணம் நிற்காமல், இரவில் கிடைத்த சில மணி நேரங்களில்தான் செய்தோம். தினம் இருபது நிமிடம் வீட்டிலும் கிடைக்கும்.

இன்று அம்புலிமாமா வருவதில்லை. கல்கியின் அச்சு இதழும் 2020இல் நின்றுவிட்டது. ஆனால் 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டமும், 2001இல் தமிழ்நாடு அரசு தொடங்கிய இணையப் பல்கலைக்கழகமும் (இன்று தமிழ் இணையக் கல்விக்கழகம்) கட்டணமில்லாமல் நூல்களைத் தருகின்றன. புத்தகம் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது.

முதலில் உங்கள் வீட்டுப் பரணைப் பாருங்கள். பழைய கடிதம், கல்யாணப் பத்திரிகை, அம்மாவின் கணக்கு நோட்டு ஏதாவது ஒன்று இருக்கும். அதையே முதல் பாடமாக வையுங்கள். தன் குடும்பத்துப் பெயர்களைத் தானே வாசித்த குழந்தை அங்கேயே நிற்காது.

அடுத்த பொங்கல் போட்டிக்கு என் பேத்தி இப்போதே தயாராகிறாள். தாளைத் தானே எழுதுகிறாள். எழுத்து கோணல்மாணலாக இருக்கிறது. 'லை' வரும் இடமெல்லாம் தும்பிக்கை போடுகிறாள். நான் திருத்தவில்லை.